வெள்ளம் வேணுமா, வரப்பு வேணுமா?

என் பெட்ரோல் பங்குக் கடை வாசலில் குளிர்காலத்து உப்பு இன்னும் வெள்ளையாகப் படிந்து கிடந்தது. பனி உறையாமல் இருப்பதற்காக மாதக்கணக்கில் கொட்டிய உப்பு. அதைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தபோது வால்ட் வந்தான். தினமும் முதல் காப்பிக்கு வருகிறவன். காற்றைப் பற்றியோ வெயிலைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவான். அன்றைக்கு அதுவும் இல்லை. "நாம சரியான ஆளைத்தான் எடுத்தோமா, பெர்ரி?" என்று கேட்டான். கலியபெருமாள் என்கிற என் பெயரில் கடைசித் துண்டை மட்டும் பிடித்து, அதையும் தேய்த்துப் பெர்ரி ஆக்கி வைத்திருக்கிறார்கள் இந்த ஊர்க்காரர்கள். அவனுக்குப் பின்னால் வந்த ரொட்டி வண்டிக்காரனும் அதையே கேட்டான். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற அம்மாள் டீசல் போட்டுக்கொண்டே அதையே கேட்டாள். இந்த ஊரில் நான் வரி கட்டுகிறேன், ஓட்டுப் போடுகிறேன், என் மனைவி செண்பகத்தை இந்த ஊர் மின்மயானத்தில்தான் எரித்தேன். ஆனாலும் இவர்கள் வாயிலிருந்து 'நாம' என்று வந்து அதற்குள் நானும் இருப்பது இந்த ஒரு விஷயத்தில் மட்டும்தான்.

நம் ஊரில் இருக்கிறவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கே அமெரிக்காவில் ஃபுட்பால் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. பெயர்தான் கால்பந்து, காலால் பந்தை உதைக்கிறவனுக்கு அதில் வேலை ரொம்பக் கொஞ்சம். உண்மையில் அது நம்முடைய சடுகுடுதான். ஒருவன் கோட்டைத் தாண்டிப் போகப் பார்ப்பான், மற்றவர்கள் மொத்தமாக விழுந்து அமுக்குவார்கள். தலைக்குக் கவசம், தோளுக்குப் பலகை என்று கட்டிக்கொள்வதால் பார்ப்பதற்குப் பெரிய யுத்தம் மாதிரி தெரியும். மூச்சுப் பிடித்துப் பாடச் சொன்னால் ஒருத்தனும் தேற மாட்டான். சித்திரை மாதத்தில் ஒரு நாள் எல்லாரும் கலர் கலராகச் சட்டை போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்காருகிறார்கள். ஆட்டம் பார்ப்பதற்கு இல்லை. பெயர் வாசிப்பதைக் கேட்பதற்கு. காலேஜில் ஆடி முடித்த பையன்களை ஒவ்வொரு ஊர் அணியும் வரிசையாகப் பொறுக்கி எடுக்கிறார்கள். அதற்கு டிராஃப்ட் என்று பெயர். இதில் என்னை முதலில் திகைக்க வைத்தது அந்த வரிசைதான். போன வருடம் யார் கேவலமாகத் தோற்றானோ அவனுக்குத்தான் முதல் பொறுக்கு. ஜெயித்தவன் கடைசி. நம் பக்கத்தில் தலைமடைக்காரன் வயல் நிரம்பி வழிந்த பிறகுதான் கடைமடைக்காரன் தண்ணீரின் முகத்தைப் பார்ப்பான். இங்கே கடைமடைக்கு முதல் தண்ணீர்! இந்த ஒரு காரியத்துக்காகவே இந்த நாட்டை நான் மதித்தேன்.

எங்கள் ஊர் அணி எப்போதும் கடைமடைதான். அதனால் இந்த வருடம் நல்ல இடத்தில் நின்றார்கள். நாடே கொண்டாடிய ஒரு பந்து எறிகிற பையன், குவார்ட்டர்பேக், கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தான். அவனை விட்டுவிட்டார்கள். சோளக்காட்டு மாநிலம் ஒன்றிலிருந்து, யாரும் கேள்விப்படாத, மாடு மாதிரி உடம்புள்ள ஒரு பையனை எடுத்தார்கள். அவன் பந்தைத் தொடவே மாட்டான். லெஃப்ட் டேக்கிள் என்று பெயர். எறிகிறவனுக்கு இடது பக்கத்தில் நின்று, பாய்ந்து வருகிறவனை மறித்துத் தள்ளுவது ஒன்றே அவன் பிழைப்பு. எனக்கு வந்த கோபத்தை நான் மறைக்கவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சிங்கப்பூர் கப்பல் பட்டறை, அங்கிருந்து கப்பல் சமையல்கட்டு, அங்கிருந்து இந்த ஏரிக்கரை என்று வந்து சேர்ந்து, ஒரு குஜராத்திக்காரரின் பெட்ரோல் பங்கில் தரை துடைத்து, பிறகு அந்தப் பங்கையே வாங்கினவன். இன்றைக்கு இந்த ரோட்டில் எங்கள் கடைக் காப்பியைக் குடிக்காமல் வேலைக்குப் போகிறவன் கிடையாது. ஆளைப் பார்த்து எடை போடுவதில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. அதைத்தான் வால்டிடம் சொன்னேன்.

வால்ட், மூடிப்போன இரும்பாலையில் வேலை பார்த்து ஓய்ந்தவன். பள்ளிக்கூடத்தில் அவனும் மறிக்கிற வரிசையில் நின்றவனாம்; கைவிரல்கள் நான்கு திசைக்கு வளைந்திருக்கும். கல்லா மேல் இருந்த உப்புக் குப்பியை நடுவில் வைத்தான். "இவன் எறிகிறவன். வலது கைக்காரன். எறியும்போது உடம்பு இப்படித் திரும்பும். அப்போது இடது பக்கம் அவனுக்குக் கண்ணே கிடையாது" என்று சொல்லி, மிளகுக் குப்பியை எடுத்து உப்புக் குப்பியின் முதுகில் மோதிக் கவிழ்த்தான். "உன் இடது பக்கத்தை யார் பார்க்கிறார்கள், பெர்ரி?" என்று கேட்டான்.

நான் திரும்பிப் பார்த்தேன். என் இடது பக்கம் சிகரெட் அலமாரி. "அங்கே கேமரா இருக்கிறது" என்றேன்.

வால்ட் விழுந்து விழுந்து சிரித்தான். பால் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த என் மகள் கயல்விழி சிரிக்கவில்லை. "எறிகிறவன் நூற்றில் ஒருத்தன். மறிக்கிறவனை எந்தச் சந்தையில் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம்" என்று நான் சத்தமாகச் சொன்னேன். ஒரு பால் பெட்டி தேவைக்கு அதிகமான சத்தத்தோடு கீழே இறங்கியது.

விஷயம் என்னவென்றால், அடுத்த குளிர்காலத்துக்குள் கடையை நான் யார் கையிலாவது கொடுத்தாக வேண்டும். நெஞ்சைத் திறந்து தைத்த டாக்டர், இன்னொரு பனிக்காலம் வாசலில் நிற்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். வக்கீல் வாரா வாரம் போன் செய்து, யார் பெயரை எழுதட்டும் என்று கேட்கிறார். பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவள் கயல், என்னோடு கடையில் இருக்கிறாள். இளையவன் அறிவழகன் டெக்ஸாஸில் இருக்கிறான்; பேச ஆரம்பித்தால் எதிரில் இருக்கிறவன் எழுந்து போக மாட்டான். இந்த ஒரு கடையை மாநிலம் முழுக்கப் பதினைந்து கடையாக ஆக்கிக் காட்டுகிறேன், மின்சார வண்டிக்குச் சார்ஜ் போடுகிற இடமாக மாற்றுகிறேன் என்று படம் போட்டே காட்டியிருக்கிறான். கடையை இரண்டாகப் பிரிக்க முடியாது. ஒரு கல்லாவில் இரண்டு பேர் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று இந்த ரோட்டிலேயே பார்த்திருக்கிறேன். ஆக, ஒருவரைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். அதற்குப் பதிலாக, முகமே தெரியாத ஒரு சோளக்காட்டுப் பையனைப் பற்றி ஒரு மாதம் தொண்டை வறளச் சண்டை போட்டேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் பம்புக்கும் கல்லாவுக்கும் நடக்கத் தோன்றும். அப்படி ஒரு மாதம்.

எனக்கும் மறிக்கிறவர்களுக்கும் உள்ள கணக்கு பழையது. காவிரிக் கரைக் குத்தாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் தெரு. வயல் வேலைக்குப் போகிறவர்கள் தெரு. அப்போது கோட்டையில் நம்மவர்கள் ஆட்சி வந்துவிட்டது என்று மைக்செட் போட்டுப் பேசினார்கள். நில உச்சவரம்பு, பட்டா, குத்தகை என்று தாசில்தார் ஆபீஸ் வாசலில் கூட்டம் நின்றது. ஆனால் அறுப்புக் காலம் வந்தால் பழைய கதைதான். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு எங்கள் ஆட்கள் வரப்பில் உட்கார்ந்துவிடுவார்கள். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்குவார்கள். பள்ளிக்கூடத்தில் பாடத்துக்குப் பதிலாகப் போலீஸ் தங்கியிருக்கும். அந்தச் சண்டைகளுக்கு நடுவில் ஒரு வருடம் பேச்சுவார்த்தை முடிந்து, கொஞ்சம் அமைதி வந்தது. அந்த இடைவெளியில், நெல் அரவை மில் வைத்திருந்த ஒரு மிராசுதாருக்குச் சடுகுடு அணி வைக்கிற ஆசை வந்தது. எங்கள் தெரு அணியை அந்தச் சுற்று வட்டாரத்தில் ஜெயிக்க ஆள் கிடையாது. அதில் ஒருவனை எடுத்துக்கொள்வதாகவும், ஆடாத நாளில் அவனுக்கு மில்லில் பாய்லர் பக்கம் நிரந்தர வேலை என்றும் சொல்லி அனுப்பினார். சட்டை போட்டுக்கொண்டு போகிற வேலை. அந்த மிராசுதார்கள் வீட்டு வாசலைக் கடக்கும்போது எங்கள் அப்பாக்கள் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டவர்கள். சட்டை போட்டுக்கொண்டு மாசச் சம்பளத்துக்குப் போவது என்றால் எங்களுக்கு அது எப்படிப்பட்ட விஷயம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் பாடிப் போகிறவன். ஒரே மூச்சில் மூன்று பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருவேன். பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பார்ப்பார்கள். பொய் சொன்னால் ஊரில் இன்னும் சாட்சி இருக்கிறது. ரெத்தினம் என் கூட்டாளி, பக்கத்து வீடு. அவன் பிடிக்கிறவன். பாடவே வராது. ஆனால் கணுக்காலைப் பிடித்தான் என்றால் முதலை பிடித்த மாதிரி; மண்ணோடு மண்ணாக இழுபட்டாலும் விட மாட்டான். ஆட்டம் பார்க்க வந்த மில் மானேஜர் எங்கள் இரண்டு பேரையும் நிறுத்தி வைத்துவிட்டு, எங்கள் கேப்டன் பக்கிரி அண்ணனைப் பார்த்தார். பக்கிரி அண்ணன்தான் எங்கள் தெருவுக்குச் சங்கத்து ஆளும்.

"ரெண்டு பேருமே நல்லாத்தான் ஆடுறானுவ. எடம் ஒண்ணுதான் இருக்கு. நீயே சொல்லு பக்கிரி."

"நான் ஒருத்தனச் சொல்லிட்டு நாளைக்கு இன்னொருத்தன் மொகத்துல எப்படிங்க முழிக்கிறது? உத்தி கட்டிக்கிட்டு வரட்டும்ங்க. நீங்களே கேட்டு எடுத்துக்குங்க."

உத்தி என்றால் இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தெரியாது. நம் ஊரில் விளையாட ஆள் பிரிக்கிற முறை. சமமான இரண்டு பேர் தோள்மேல் கை போட்டுக்கொண்டு தூரமாகப் போவார்கள். ஆளுக்கு ஒரு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு திரும்பி வந்து, இது வேணுமா, அது வேணுமா என்று கேப்டன்மார்களைக் கேட்பார்கள். கேப்டனுக்கு எந்தப் பெயர் யார் என்று தெரியாது. ஒரு பெயரைச் சொல்லுவான். அந்தப் பெயருக்கு உரியவன் அவன் பக்கம், மற்றவன் எதிர்ப் பக்கம். ஆளைப் பார்த்து யாரும் யாரையும் வேண்டாம் என்று சொன்னதாக ஆகாது.

நாங்கள் கிளம்பும்போது பக்கிரி அண்ணன் பின்னாலிருந்து கத்தினார். "டேய், சூரியன், எலை, அருவா, மாடு எதுவும் வேணாம்! எலக்‌ஷன்ல இல்லாத பேராப் பாத்து வைங்க. அப்பறம் ஐயாவுக்கு நாம ஏதோ சாடை காட்டுறோம்னு ஆயிடும்!" உண்மைதான். சின்னப் பையன்கள் வழக்கமாக வைக்கிற பெயர் எல்லாம் அந்த வருடங்களில் ஏதோ ஒரு கட்சிச் சுவரில் ஏறிவிட்டது. நான் சூரியன் என்றுதான் வைத்துக்கொள்ள நினைத்திருந்தேன். வைக்கோல் போருக்குப் பின்னால் நின்று யோசித்தோம். சாதாரணப் பெயர் எனக்குப் பிடிக்கவில்லை. "நான் வெள்ளம்டா" என்றேன். எதிரே எது நின்றாலும் அடித்துக்கொண்டு போகிறவன் இல்லையா நான்.

ரெத்தினம் தலையைச் சொறிந்தான். "அப்ப நான் வரப்பு. வேற என்னத்தச் சொல்ல?"

தோள்மேல் கை போட்டுக்கொண்டு வந்து, "வெள்ளம் வேணுமா, வரப்பு வேணுமா?" என்று கேட்டோம். மானேஜர் வாய்விட்டுச் சிரித்தார். "வெள்ளமா? ஐப்பசியில வந்து நாத்தெல்லாம் அழுகிப் போனது பத்தாதா? எனக்கு வரப்பைக் குடுங்கப்பா!"

சொல்லுங்கள், மிராசுதார் வீட்டு மானேஜர் எந்தக் காலத்தில் வெள்ளத்தைக் கேட்பார்? காவிரிக் கரையில் பிறந்துவிட்டு எனக்கு அந்தப் பெயர் ஏன் தோன்றியது என்று நான் பாதி உலகம் சுற்றியும் விளங்கவில்லை. ஆனால் என்னை உறுத்துவது பெயர் இல்லை. உத்திக்கு இரண்டு கேப்டன் வேண்டும். அன்றைக்கு மானேஜர் என்கிற ஒரே ஒரு கேப்டன்தான் நின்றார். ரெத்தினம் அவர் பக்கம் போனான். நான் போய் நிற்பதற்கு எதிர்ப் பக்கம் என்று ஒன்று இல்லை. ரெத்தினத்தின் கை என் தோளிலிருந்து எடுக்கப்பட்ட இடம் குளிர்ந்தது. அந்தக் குளிருக்கு முன்னால் இந்த ஏரிக்காற்று எனக்கு ஒன்றும் பெரிதாகத் தெரிந்ததில்லை. சில மாதங்களில் கூத்தாநல்லூர் ராவுத்தர் ஒருவர் மூலமாகச் சிங்கப்பூர் போய்விட்டேன். நான் மேலே ஏற ஏற, மில்லுக்காரன் தப்பான ஆளை எடுத்தான் என்று எனக்குள்ளேயே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

அடுத்த வருடமே சண்டை மறுபடி மூண்டது. வெளியூர் லாரிகளை எங்கள் ஆட்கள் ரோட்டிலேயே மறித்துவிட, மில்லில் வேலை செய்கிறவர்களை அறுப்புக்கு இறக்க மிராசுதார் உத்தரவு போட்டார். ரெத்தினம் மில் கேட்டில் குறுக்கே நின்றுகொண்டான். போட்டிருந்த சட்டையோடு போலீஸ் வேனில் ஏறினான். வேலை போயிற்று. வெளியே வந்து, கூலிக்குப் போய், வருடக்கணக்கில் தாலுகா ஆபீசுக்கு நடந்து, கடைசியில் உச்சவரம்பு நிலத்தில் ஒரு ஏக்கர்கூட வராத இரண்டு மாவுக்குப் பட்டா வாங்கினான். அதில் விளைந்ததை வைத்துத்தான் மகளை டீச்சர் ஆக்கினான். இதெல்லாம் எனக்குக் கடிதத்திலும் பிறகு போனிலும் வந்த சேதி.

வால்டோடு சண்டை முற்றிய ஒரு நாள், கல்லாவைக் கயலிடம் விட்டுவிட்டு, கடைக்குப் பின்னால் போய் ரெத்தினத்தைப் போனில் பிடித்தேன். முகம் தெரிந்தது. வேப்பமரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

"ஆத்துல தண்ணி இருக்கா?"

"வைகாசில ஏதுடா தண்ணி? மணலு காயுது. இதக் கேக்கவா கூப்புட்டே?"

"மில்லுக்காரன் சரியான ஆளத்தான் எடுத்தானாடா?"

"எந்த மில்லு?"

"வரப்பு கேட்டானே."

சிரிப்பும் இருமலுமாக அவன் முகம் திரையை விட்டுப் போய், மறுபடி வந்தது. "அவனக் கேட்டா இல்லேன்னுதான் சொல்லுவான். சம்பளம் குடுத்து வச்ச ஆளே கேட்டை மறிச்சா எவன் சரிம்பான்? ஒன்னைய எடுத்திருந்தா கலியா, அந்த மில்லு இன்னும் ஓடிக்கிட்டிருக்கும்டா."

போனை வைத்த பிறகும் அது பாராட்டா குத்தலா என்று எனக்குத் தெரியவில்லை. நீ கெட்டிக்காரன், உன்னால் மில் வளர்ந்திருக்கும் என்கிறானா? நீ கேட்டில் நின்றிருக்க மாட்டாய் என்கிறானா? நின்றிருப்பேன். நான் யாருக்கும் பயந்தவன் இல்லை. நின்றிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். டயருக்குக் காற்றடிக்கிற இடத்துக்கும் குப்பைத் தொட்டிக்கும் நடுவில் எத்தனை தடவை நடந்தேன் என்று தெரியாது. உள்ளே போனால், கயல் கல்லாவைப் பூட்டிவிட்டு எனக்காக நின்றுகொண்டிருந்தாள்.

"அப்பா, நீங்க அந்தப் பையனைப் பத்திப் பேசலை. ஒரு மாசமா என்னைப் பத்திப் பேசுறீங்க."

"யாரும்மா சொன்னா?"

"மறிக்கிறவனை எந்தச் சந்தையிலயும் பிடிச்சுக்கலாம்னு சொன்னீங்கள்ல? நான் அப்ப பால் அடுக்கிக்கிட்டு இருந்தேன்."

கல்லா மேல் இருந்த மிளகுக் குப்பியை எடுத்து உப்புக் குப்பிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"உங்களுக்கு ஆபரேஷன் ஆன வருஷம் பனி கொட்டி ஹைவே மூடிட்டாங்க. ஸ்டோர் ரூம்ல அட்டைப் பெட்டி மேல படுத்துக்கிட்டு, பனி தள்ளுற வண்டிக்காரங்களுக்கு டீசல் ஊத்துனது யாரு? கடை ஒரு நாளும் மூடலை, என் ஏற்பாடு அப்படின்னு எல்லார்கிட்டயும் சொல்றீங்க. சரி, சொல்லிக்குங்க. எனக்கு அது வேணாம். யாருன்னு மட்டும் சொல்லுங்க. அறிவுன்னா அறிவுன்னு சொல்லுங்க. நான் வேற வேலை பாத்துக்கறேன். சொல்லவே முடியலைன்னா, வர்ற ஞாயித்துக்கிழமை அவன் வர்றான். நாங்க உத்தி கட்டிடறோம்."

உத்தியை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். சின்ன வயதில் கோடைக்காலத்தில் கடைக்குப் பின்னால் வெள்ளைக்காரப் பிள்ளைகளோடு விளையாட ஆள் பிரிக்கும்போது, இது வேணுமா அது வேணுமா என்று தமிழில் கேட்பார்கள், அந்தப் பிள்ளைகள் வாயைப் பிளந்து நிற்கும். கயல் வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அறிவு வந்தான். வந்தவன் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு, "அக்கா எல்லாம் சொன்னா. இது கோர்ட்ல செல்லுமாப்பா?" என்று சிரித்தான். வால்ட் காப்பிக் கோப்பையோடு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். என்ன நடக்கிறது என்று என்னைக் கேட்டான். "டிராஃப்ட்" என்றேன். அவன் தொப்பியை நேராக்கிக்கொண்டான்.

இரண்டு பேரும் தோள்மேல் கை போட்டுக்கொண்டு வாசல் ஓரத்து ஐஸ் பெட்டிக்குப் பின்னால் போனார்கள். அறிவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. கயல் ஏதோ அதட்டினாள். திரும்பி வந்தபோது இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பு இல்லை. அந்த நடை எனக்குத் தெரியும். அடி ஒன்றாக வைக்கத் தெரியாமல், ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டு வருகிற நடை. எனக்கு முன்னால் நின்று, அமெரிக்கா ஏறிய தமிழில் ஒன்றாகக் கேட்டார்கள்.

"ஆறு வேணுமா, ஏரி வேணுமா?"

யார் ஆறு, யார் ஏரி என்று கண்டுபிடிக்கப் பார்த்தேன். பொங்கலுக்கு என்னோடு ஊருக்கு வந்து, காவிரிப் படித்துறையில் ரெத்தினத்தின் பெண்டாட்டியோடு உட்கார்ந்து கதை பேசுகிறவள் கயல். அவள்தான் ஆறு. ஆனால் ஏரிக்கரையை விட்டு நகராமல் நிற்கிறவளும் அவள்தானே? ஓடிக்கொண்டே இருக்கிறவன் அறிவு, அப்போது அவன் ஆறா? முகத்தைப் பார்த்தேன், காலைப் பார்த்தேன். இரண்டு பேரும் நான் சொல்லிக்கொடுத்தபடியே முகத்தைக் கல்லாக வைத்திருந்தார்கள். திடீரென்று எனக்கு வேறு பயம் வந்தது. என் வாய் கடையை மறந்துவிட்டு, பிள்ளைகளை மறந்துவிட்டு, தன் பாட்டுக்கு ஒன்றைச் சொல்லிவிடும் போலிருந்தது. வெள்ளம் என்று சொன்ன வாய் இல்லையா இது. எதிரே நிற்பது இரண்டு பேர். கேட்கிற கேப்டன் நான் ஒருவன்தான். இந்தத் தடவையும் ஒரே கேப்டன்தான்.

"கயல்" என்றேன்.

"ஃபவுல்! ஃபவுல்!" என்று அறிவு கத்தினான். "ஆள் பேரைச் சொல்லக் கூடாதுப்பா, அது ரூலே இல்லை!"

"ரூல் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்டா. கயல். கயல்விழி. வக்கீலுக்கு நாளைக்கு நானே போன் பண்றேன்."

கயல் என்னைப் பார்க்கவில்லை, பம்புகளைப் பார்த்தாள். மூன்றாவது பம்பில் யாரோ குழாயைச் சரியாக மாட்டாமல் போயிருந்தார்கள். தம்பி தோளிலிருந்து கையை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெஞ்சிலிருந்து வால்ட் கேட்டான், "நாம யாரை எடுத்தோம், பெர்ரி?"

"லெஃப்ட் டேக்கிள்" என்றேன்.

வால்ட் கோப்பையை உயர்த்தினான். சோளக்காட்டுப் பையனைப் பற்றி நான் மனம் மாறிவிட்டதாக அவன் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறான். மாறவில்லை. அந்த எறிகிற பையனை விட்டது தப்புதான். செப்டம்பரில் ஆட்டம் தொடங்கட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

அறிவு சிரித்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் கயல் குழாயை மாட்டுவதற்காகக் கையை எடுத்துக்கொண்டு போனபோது, ஒரு கணம் அவன் தன் தோளைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டான். எனக்கு அந்த இடத்தின் குளிர் தெரியும். பக்கத்தில் போய் நின்றேன்.

"அப்ப நான் எதிர்ப் பக்கமாப்பா?" என்றான், விளையாட்டாக.

"எதிர்ப் பக்கம்னு ஒண்ணு இருக்குடா. நான் இத்தனை வருஷமா அங்கதான் ஆடிக்கிட்டு இருக்கேன்" என்றேன். புரிந்ததா தெரியவில்லை. என்னை இடித்துக்கொண்டு நின்றான். அந்தப் பதினைந்து கடைப் படத்தை அக்காவிடம் காட்டப் போகிறானாம். அவள் கேட்டால் கேட்கட்டும், கேட்காவிட்டால் போகட்டும். இனி அது அவள் கல்லா.

யார் ஆறு, யார் ஏரி என்று பிறகு கேட்டேன். கயல் சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள். "நீங்கதான் கேக்காமலேயே எடுத்துட்டீங்களேப்பா. அது அப்படியே இருக்கட்டும்" என்றாள். போன வாரம் ரெத்தினம் கூப்பிட்டான். மேட்டூரில் திறந்துவிட்டார்களாம், முறை வந்து எங்கள் வாய்க்காலுக்கு இன்னும் சில நாளில் தண்ணீர் ஏறுமாம், வந்தால் நாற்றங்காலை நீயே பார்க்கலாம், எப்போது வருகிறாய் என்றான். வருகிறேன் என்று சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. போனைப் பிடித்துக்கொண்டே வாசலுக்கு வந்தேன். காலையில் கடை திறப்பது இப்போது கயல். எனக்கு நிற்பதற்கு ஒரு இடமும் இல்லாமல் எல்லா இடத்திலும் நிற்கிறேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஏரி, கரை தெரியாமல், அலையடித்துக்கொண்டு கிடந்தது. காதில் ரெத்தினம் தண்ணீர் வரவைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தான். ஆறு வேணுமா, ஏரி வேணுமா என்று கேட்டவர்கள் இரண்டு பேரும் அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் கேட்ட கேள்வி மட்டும் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில், தோள்மேல் கை போட்டுக்கொண்டு, என் முகத்தையே பார்த்தபடி நிற்கிறது.